சிஸ்டர் தூங்கும் நேரம்

தண்ணித்தொட்டித் தெருவில் சத்தம் நின்றுபோனது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு. அந்த நேரத்தில் வெள்ளைச்சாமியின் கிரில் பட்டறையில் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்கள், மாவு மில்லில் யாரோ கொண்டுவந்த கேப்பை ஓடிக்கொண்டிருந்தது, பேச்சியம்மாள் வீட்டுக் குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது, நிலா சவுண்ட் சர்வீஸ் காஜா பாய் கடை வாசலில் ஆளுயரப் பெட்டிகள் இரண்டை நிறுத்தி வைத்து மைக்கில் "அலோ, ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த "த்ரீ" வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை. கம்பியில் பொறி பறந்தது, கேப்பை மாவாகி விழுந்தது, குக்கர் ஆவியை விட்டது, காக்கை வாயைத் திறந்து மூடியது, ஒன்றுக்கும் சத்தம் இல்லை. மத்தியானம் இரண்டே முக்காலுக்கு எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தபோது தெருவின் அறுபது வீடுகளில் ஐம்பத்தொன்பது வீட்டுக்கு விஷயம் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே வீடு கிழக்குக் கடைசி வீடு. அங்கே அவ்வளவு நேரமும் நர்ஸ் அடைக்கலமேரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படித் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. திண்டுக்கல் பைபாஸ் ரோட்டில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக அவளுக்கு நைட் டியூட்டிதான். காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு படுத்தால், அவள் படுப்பதற்கென்றே காத்திருந்தது போல் தெரு எழுந்து உட்காரும். கணவன் சேசுராஜ் லாரியோடு மாதத்தில் பாதி நாள் குஜராத்தில் இருந்தான். மகள் ஜெனிட்டா மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஆக வீட்டுக்குள் சத்தம் போட ஆளே கிடையாது. வந்ததெல்லாம் வெளிச் சத்தம். ஜன்னலை அடைத்தாள், காதில் பஞ்சு வைத்தாள், தலையணையை மேலே போட்டுக்கொண்டாள். தலையணைக்குள்ளும் "அலோ, ஒன், டூ, த்ரீ" வந்தது.

அப்படி ஒரு வாரம் சரியாகத் தூங்காமல் போன ஒரு காலையில், டியூட்டி முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்த கொய்யாப்பழக்காரம்மாவின் கையைத் துடைத்து ஊசியைக் கொண்டுபோனாள். அந்த அம்மா மெதுவாகக் கேட்டது:

"எனக்குத்தான் சுகர் கிடையாதுன்னாங்களே, சிஸ்டர். இது எதுக்கு?"

இன்சுலின் ஊசி. இருபத்தொன்றாம் கட்டிலுக்குப் போட வேண்டியது. அடைக்கலமேரி ஊசியைத் தட்டில் வைத்தாள். அந்த அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அடைக்கலமேரிதான் சூப்பர்வைசரிடம் போய்த் தானே சொன்னாள். "இன்னொரு தடவை இப்படி ஆனா நான் காப்பாத்த முடியாது மேரி" என்று மட்டும் சொன்னார் அவர். வீட்டுக்கு வந்து மகளுக்கு போன் போட்டு அழுதாள்.

அந்த வாரமே ஜெனிட்டா தன்னுடைய பழைய கைக்கடிகாரத்தோடு வந்து சேர்ந்தாள். நாடித்துடிப்பைப் பார்க்கிற ரகம் அது. கையில் கட்டியிருக்கிறவர் தூங்கிவிட்டால் அதற்குத் தெரியும். அதையும் அம்மாவின் போனையும் சேர்த்து, தானாக ஓடுகிற ஒரு ஷார்ட்கட் எழுதினாள். "நீ தூங்கின நிமிஷம் வாட்ச் போனுக்குச் சொல்லிரும்மா. போன் மீதி வேலையைப் பாத்துக்கும். பெட்ரூம் லைட் அணைஞ்சிரும், காலிங் பெல் வேலை செய்யாது, யாராவது மெசேஜ் போட்டா 'அம்மா தூங்குறாங்க, மூணு மணிக்கு மேல கூப்பிடுங்க'ன்னு பதில் போயிரும். நீ முழிச்சா எல்லாம் பழையபடி." எந்தெந்த ஓசைகளை நிறுத்த வேண்டும் என்று போன் கேட்டது. அழைப்பு, செய்தி, நினைவூட்டல் என்று வரிசையாக வந்து கடைசியில் "அனைத்தும்" என்று ஒன்று இருந்தது. ஜெனிட்டா அதை அழுத்தினாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் காரணம் தேடி யாரும் மெனக்கெடவில்லை.

கண்டுபிடித்துச் சொன்னது மாடியில் குடியிருந்த நாகஜோதி. ஏழு மாதக் குழந்தைக்காரியான அவள், கீழ் வீட்டு ஜன்னலில் விளக்கு அணைகிற அதே கணத்தில் தன் பிள்ளையின் அழுகை பாதியில் அறுந்துபோவதை மூன்று நாள் பார்த்துவிட்டு, நாலாம் நாள் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் சொன்னாள். அன்று சாயங்காலம் அடைக்கலமேரி பால் வாங்கப் போனபோது வெள்ளைச்சாமி பட்டறையிலிருந்து எழுந்து வந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"சிஸ்டர், நாளைக்கு எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"என்னண்ணே கேள்வி இது?" அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு கேட் ஒண்ணு டெலிவரி. ஆளுக்கு ஆள் பேசிக்கிட்டுத்தான் தூக்கணும். நீங்க தூங்கிட்டா பேச முடியாதுல்ல."

அவள் நம்பவில்லை. காஜா பாய், பேச்சியம்மாள், மில்லுக்காரர் என்று ஆளாளுக்குச் சொன்ன பிறகும் நம்பவில்லை. நம்புவதற்கு அவளிடம் வழியும் இல்லை. அது நடக்கும்போதெல்லாம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் உடம்பு நம்பியது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் வெளுத்தது, வார்டில் பெயரையும் கட்டில் நம்பரையும் ஒரே பார்வையில் பிடித்தாள், ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு கனவு கூட வந்தது, கனவில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

தெரு தன் வாழ்க்கையை அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. சண்டைகள் முதலில் குறைந்தன; குழாயடியில் கையை நீட்டி வாயைக் கோணி எவ்வளவு திட்டினாலும் எதிராளிக்கு ஒன்றும் கேட்காததால், திட்டுகிறவர்களே அலுத்துப்போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வெங்காய ஆட்டோவில் பதிவு செய்த குரல் மேற்கு முனையில் "நாலு கிலோ" என்று நின்று, கிழக்கு முனையைத் தாண்டியதும் எந்த இடத்தில் நின்றதோ அங்கேயிருந்து கிளம்பியது. நடுவில் விற்பனை விரல்களால் நடந்தது, விரலில் பேரம் பேசினால் பொய் சொல்ல முடிவதில்லை என்று ஆட்டோக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். இருபது வருடமாகக் காதுக்குள் வண்டு இரைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டர் ரங்கநாதன், முதல்முறையாக அது நின்றதில் வாசலில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார். கோயிலும் பள்ளிவாசலும் மெயின் ரோட்டில் இருந்ததால் சாமி விஷயத்தில் சிக்கல் எதுவும் வரவில்லை. டியூஷன் டீச்சர் எல்லாவற்றையும் போர்டில் எழுதிப் போட்டாள், பிள்ளைகளின் கையெழுத்து திருந்தியது. அடைக்கலமேரி வீட்டு கேட்டில் யாரோ ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டார்கள். அதில் அவள் காலையில் வந்ததும் "9 முதல் 3" என்று எழுதிவிட்டுப் படுக்கப் போனாள். ஆடியில் மைக் செட்டுக்கு நல்ல கிராக்கி. காஜா பாய்க்குத்தான் நஷ்டம் என்று அவள் சங்கடப்பட்டாள். அவரோ, "மூணு மணிக்கு மேல டெஸ்ட் பண்ணிக்கிறேன் சிஸ்டர். எனக்கும் காதுக்கு ரெஸ்ட் வேணும்ல?" என்றார்.

புரட்டாசியில் பேச்சியம்மாளின் கணவர், ரிட்டயர்டு பஸ் டிரைவர் கந்தவேல், விடிகாலையில் போய்விட்டார். அடைக்கலமேரி டியூட்டி முடிந்து வந்தபோது பேச்சியம்மாள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. முகம் காய்ந்திருந்தது.

"சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எடுக்கிறாங்க சிஸ்டர்." முடியை அள்ளிச் செருகிக்கொண்டு சொன்னாள், "அழணும்."

அடைக்கலமேரி வீட்டுக்குள்ளேயே போகவில்லை. அப்படியே கூடப் போய், சாவு வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் யூனிபாரத்தோடு உட்கார்ந்தாள். கண் செருகும்போதெல்லாம் இமைக்குக் கீழே விக்ஸைத் தடவிக்கொண்டாள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கட்டிக்கொண்டு, வாய்விட்டு, தெரு நிறைய அழுதார்கள். இவள் விக்ஸினால் அழுகிறாளா, மனசால் அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. நாலு மணிக்கு எடுத்தார்கள். அன்றிரவு லீவு சொல்லிவிட்டு வந்து படுத்தவளை, பேச்சியம்மாள் வீட்டிலிருந்து யாரோ ஒரு டம்ளர் சுக்குக் காப்பியோடு எழுப்பப் போய், எழுப்ப மனசில்லாமல் திரும்பிவிட்டார்கள்.

காஜா பாயின் கால் உடைந்தது ஐப்பசியில்.

கடைப் பையன்கள் இருவரும் கல்யாண வீட்டுக்கு செட் போடப் போயிருந்தார்கள். பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்கட்டுப் பரணில் ஏறிப் பழைய பெட்டி ஒன்றை இறக்கப் பார்த்தார். பலகை முறிந்து, ஆளும் பெட்டியும் சேர்ந்து விழுந்தார்கள். பெட்டி மேலே, கால் கீழே. போன் எட்டாத தூரத்தில் கிடந்தது. அப்போது மணி ஒன்பதே முக்கால். அடைக்கலமேரி தூங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

இரண்டே முக்காலுக்கு அவளுக்கு விழிப்பு வந்தது. விழித்ததும் முதலில் வழக்கமாகப் பட்டறைச் சத்தம்தான் கேட்கும். அன்று அதற்கும் முன்னால், தொண்டை கட்டிப்போன ஒரு குரல் கேட்டது: "யாராவது வாங்கப்பா."

செருப்புப் போடாமல் ஓடினாள். வெள்ளைச்சாமியும் ஆட்களும் பெட்டியைத் தூக்கினார்கள். அவள் அட்டைப்பெட்டியைக் கிழித்து இரண்டு பக்கமும் வைத்து, துப்பட்டாவால் காலைக் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை பாதத்தில் விரலை வைத்து ரத்த ஓட்டம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாயின் உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. வண்டியில் ஏற்றும்போது அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"மொத அரை மணி நேரம் நல்லாக் கத்துனேன் சிஸ்டர். அப்புறம்தான் புரிஞ்சுது, என் சத்தம் எனக்கே கேக்கலன்னு. புரிஞ்ச பெறகும் கத்திக்கிட்டுத்தான் கிடந்தேன்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அவள் அதைக் குற்றமாகத்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்து, போனை எடுத்து, மகளுக்குக்கூடச் சொல்லாமல் "அனைத்தும்" என்பதை நீக்கினாள். கடிகாரத்தைக் கழற்றி பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். கேட்டில் இருந்த சிலேட்டை அழித்துவிட்டுத் திருப்பி மாட்டினாள்.

மறுநாளிலிருந்து எல்லாச் சத்தமும் பழைய இடத்துக்கு வந்தது. தெரு அவளுக்காகத் தானாகவே அடங்கி இருக்கப் பார்த்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவரவர் மெதுவாகப் பேசினார்கள். மெதுவாகப் பேசாதவர்களை "ஸ்ஸ்" என்றார்கள். ஸ்ஸ் என்றவரைப் பார்த்து "நீ முதல்ல கத்தாதே" என்றார் ஒருவர், அதற்கு இன்னொருவர் பதில் சொன்னார், முதல் நாள் காலையில் நடந்த சண்டைகளிலேயே பெரிய சண்டை அமைதியைப் பற்றித்தான் நடந்தது. குக்கர் யார் சொல்லியும் கேட்கவில்லை. கம்பியை மெல்ல அறுக்க வழியில்லை. நாகஜோதியின் பிள்ளைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அடைக்கலமேரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வார்டில் ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்து நர்ஸைக் கூப்பிட்டு, "பேரைப் படிடி, கட்டிலைப் பாருடி" என்று கெஞ்சினாள். பத்தாம் நாள் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி விழுந்ததில் நெற்றியில் மூன்று தையல்.

அந்தத் தையலோடு அவள் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் வாக்கரை ஊன்றிக்கொண்டு காஜா பாய் வந்தார். காலில் தகடு வைத்து அனுப்பியிருந்தார்கள். அவருக்குப் பின்னால் வெள்ளைச்சாமி, பேச்சியம்மாள், இடுப்பில் பிள்ளையோடு நாகஜோதி.

"வாட்ச் எங்க சிஸ்டர்?"

"வேண்டாம் பாய். அதைப் பத்திப் பேசாதீங்க."

"நான்தான பேசணும்? விழுந்தது நான்."

"அஞ்சு மணி நேரம் கிடந்தீங்க. நெஞ்சில விழுந்திருந்தா? பிள்ளை கிணத்துல விழுந்திருந்தா? நான் தூங்குறதுக்காக ஒரு தெரு ஊமையாக் கிடக்கணுமா?"

"நீங்க தூங்காமப் போனா அங்க வார்டுல யாருக்கு என்ன ஆகும்?" என்றாள் நாகஜோதி. "நீங்களே எனக்குச் சொல்லியிருக்கீங்கக்கா, அந்தக் கொய்யாப்பழக்காரம்மா கதையை."

அடைக்கலமேரி நெற்றித் தையலைத் தடவிக்கொண்டாள்.

காஜா பாய் வாக்கரில் இருந்து ஒரு கையை எடுத்துத் தெருவைக் காட்டினார். "ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே யோசிச்சேன். சத்தம்தான சிஸ்டர் நிக்குது? வெளிச்சம் நிக்கலையே. மைக் செட்டுக்காரன்கிட்ட சீரியல் லைட்டுக்கா பஞ்சம்? வீட்டுக்கு ஒரு சுவிட்ச். எவன் தட்டினாலும் இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் சிவப்பு எரியும். எந்த வீட்டுல தட்டினாங்களோ அந்த வாசல்ல பச்சை. அவ்வளவுதான்."

அவள் அவரையே பார்த்தாள். "போதாது" என்றாள்.

"என்ன போதாது?"

"லைட் எரிஞ்சா என் கையில அதிரணும். நான் முழிக்கணும். நான் முழிச்சாத்தான் உங்களுக்குச் சத்தம் வரும். அப்படிச் செய்ய முடியும்னா வாட்ச்சைக் கட்டிக்கிறேன். இல்லேன்னா இல்ல."

பாய்க்கு அது தெரியாது. ஜெனிட்டாவுக்குத் தெரியும் என்றார்கள். போன் போட்டார்கள், அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவள் நிலா சவுண்ட் சர்வீஸ் வாசலில் ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். மொத்தத் தெருவும் கையில் போனை வைத்துக்கொண்டு, ரேஷன் கடைக்கு நிற்பது போல் வரிசையில் நின்றது. ஒவ்வொரு போனிலும் ஒரே ஷார்ட்கட்: போனின் முதுகில் மூன்று தட்டு தட்டினால் தெருவில் உள்ள எல்லாப் போன்களிலும் டார்ச் மினுக்கும், காஜா பாயின் சிவப்பு விளக்குகள் எரியும், தட்டியவர் வீட்டு விலாசம் எல்லாத் திரைகளிலும் வரும், அடைக்கலமேரியின் மணிக்கட்டு அதிரும். பட்டன் போன் வைத்திருந்த ரங்கநாதனுக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் சுவரில் சுவிட்ச். ரங்கநாதன் தனக்கு இரண்டு வேண்டுமென்றார், ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில், ஒன்று கக்கூஸில். அவர் கேட்டதைப் பார்த்துவிட்டு எல்லோருமே கக்கூஸில் ஒன்று கேட்டார்கள். வெள்ளைச்சாமி விளக்குக் கம்பிகளுக்கு வளையம் செய்து கொடுத்தார். காஜா பாய் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, யாரையும் ஏணியில் தனியாக ஏற விடாமல், இரண்டு பேர் பிடித்தால்தான் ஆச்சு என்று அதட்டிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை அடைக்கலமேரி போனில் "அனைத்தும்" என்பதைத் திரும்ப அழுத்திவிட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். சிலேட்டில் எழுதினாள். படுத்தவள், தூக்கம் வருமா என்று யோசித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

முதல் வாரத்தில் மூன்று தடவை அதிர்ந்தது. ஒன்று, நாகஜோதியின் பிள்ளை போனைத் தரையில் அடித்தது. இன்னொன்று ரங்கநாதன், வேலை செய்கிறதா என்று பார்த்தார். மூன்றாவது நிஜம். மில்லில் வேலை செய்த பெண்ணின் சேலைத் தலைப்பு பெல்ட்டில் மாட்டி இழுக்க, பக்கத்தில் இருந்தவள் போனை மூன்று தட்டு தட்டினாள். அடைக்கலமேரி கண்ணைத் திறந்த நொடியில் தெருவுக்குச் சத்தம் வந்தது, "மெயினை அணை, மெயினை அணை" என்ற கூச்சலும் வந்தது, அவள் படியிறங்குவதற்குள் வெள்ளைச்சாமி மில்லுக்குள் பாய்ந்து சுவிட்சை இறக்கியிருந்தார். தோளில் சிராய்ப்புதான். அவள் மருந்து வைத்துக் கட்டிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, போய் விட்ட இடத்திலிருந்து தூங்கினாள். அன்று டியூட்டிக்குப் போனபோது, பஸ் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, காரணமே இல்லாமல் பெருமூச்சு விட்டாள். நெஞ்சில் ரொம்ப நாளாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து நகர்ந்து உட்கார்ந்தது போல் இருந்தது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஜெனிட்டா வந்திருந்தாள். அவளிடம் அடைக்கலமேரி ஒன்று கேட்டாள்.

"எல்லாரும் பார்த்துட்டாங்க. நான் ஒருத்திதான்டி பார்க்கல. எப்படி இருக்கும்னு வீடியோ எடுத்துக் காட்டேன்."

மறுநாள் மூன்று மணிக்கு எழுந்து, காப்பி போட்டு, மகளுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுத் தான் ஒரு டம்ளரோடு கட்டிலில் உட்கார்ந்து போனை வாங்கிப் பார்த்தாள். மாடியிலிருந்து எடுத்திருந்தாள் ஜெனிட்டா. பகல் வெளிச்சத்தில் தெரு. பட்டறை வாசலில் லோடு ஆட்டோ வந்து நிற்கிறது. வெள்ளைச்சாமியும் இன்னொரு ஆளும் இரும்புக் கம்பிகளை இறக்குகிறார்கள். அப்படியே உருட்டித் தள்ளியிருக்கலாம்; ஒன்றொன்றாக எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, குனிந்து, தரையில் வைக்கிறார்கள். பேச்சியம்மாள் வாசலில் இருந்த மர ஸ்டூலை இழுக்காமல் தூக்கிக்கொண்டு போகிறாள். பைக்கில் வந்த யாரோ ஒருவன், தெருமுனையிலேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். இரண்டு சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து அவள் வீட்டைத் தாண்டும்போது நுனிக்காலில் நடக்கிறார்கள். பின்னால் வந்த நாகஜோதி, இடுப்பில் வாயைத் திறந்து அழுதுகொண்டிருக்கிற தன் பிள்ளைக்கு, உதட்டில் விரலை வைத்துக் காட்டுகிறாள்.

அடைக்கலமேரி படத்தை நிறுத்தினாள்.

"சத்தமேதான் வராதே. பிறகு எதுக்குடி இப்படி?"

"நானும் கேட்டேன்மா, நீ எந்திரிச்ச பெறகு." ஜெனிட்டா காப்பியை ஊதிக்கொண்டே சொன்னாள். "'சிஸ்டர் தூங்குறாங்கல்ல'ன்னாங்க."

வெளியே பட்டறை ஓடிக்கொண்டிருந்தது, மாடியில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது, காஜா பாய் மூன்று மணி டெஸ்டிங்கில் "அலோ, அலோ" என்று தெருவையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டியூட்டிக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அடைக்கலமேரி போனில் ஒலியை முழுசாகக் கூட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.